செல்களை டிரிப்சினைஸ் செய்வது: பொருள், செய்முறை, எழுதும் முறை

செல் கல்ச்சர் (செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும்) ஆய்வகத்தில் சேரும் மாணவரின் காதில் முதல் வாரத்திலேயே விழும் சொல் இது. "அந்த பிளாஸ்க் நிறைஞ்சிருச்சு, டிரிப்சினைஸ் பண்ணிடு" என்பார்கள். டிரிப்சின் ஊற்றிச் செல்லைக் கிளப்பச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வோம். அது தவறில்லை, ஆனால் போதாது. இந்த ஒரு வினைக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. டிரிப்சினைத் தடுக்கும் பொருள்களைக் கழுவி நீக்க வேண்டும். செல்லை பிளாஸ்க்கின் தரையோடு பிடித்திருக்கும் புரதங்களை வெட்ட விட வேண்டும். போதுமான அளவு வெட்டியதும் நொதியை நிறுத்த வேண்டும். நடு வேலையை எல்லோரும் கவனமாகவே செய்கிறார்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் வேலையிலும் கடைசி வேலையிலும்தான்.

எது வெட்டப்படுகிறது

டிரிப்சின் கணையத்தில் சுரக்கும் செரிமான நொதி. வில்ஹெல்ம் கூனே 1876-இல் இதற்குப் பெயரிட்டார். புரதச் சங்கிலியில் லைசின் அல்லது அர்ஜினின் வரும் இடத்தில், அதன் கார்பாக்சில் பக்கத்துப் பிணைப்பை இது வெட்டும். பேட்டன் ரவுஸும் ஜோன்ஸும் 1916-இல் திசுவிலிருந்து உயிருள்ள செல்களைத் தனித்தனியாகப் பிரிக்க இதைப் பயன்படுத்தினார்கள். இன்று நாம் செய்வதும் அடிப்படையில் அதேதான்.

ஒட்டி வளரும் செல்லை இரண்டு வகைப் பிடிப்புகள் நிறுத்தி வைக்கின்றன. இன்டெக்ரின்கள் செல்லைத் தரையில் படிந்த புரதங்களோடு இணைக்கின்றன. கேடெரின்கள் செல்லைப் பக்கத்துச் செல்லோடு இணைக்கின்றன. இரண்டுக்கும் கால்சியம், மெக்னீசியம் போன்ற இரட்டை மின்னேற்ற அயனிகள் வேண்டும். அதனால்தான் டிரிப்சினோடு இ.டி.டி.ஏ. சேர்க்கிறோம். அது அந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ள, பிடிப்பு தளர்கிறது, டிரிப்சின் வெட்டுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கால்சியம் இருக்கும்வரை கேடெரின் டிரிப்சினுக்கு எளிதில் மசியாது. கால்சியத்தை எடுத்துவிட்டால்தான் வெட்டுப்படும். 1970-களில் மசாடோஷி டகெய்ச்சி காட்டிய இந்த வேறுபாட்டின் வழியாகத்தான் கேடெரின்களே அடையாளம் காணப்பட்டன. கால்சியத்தோடு டிரிப்சினைஸ் செய்த செல்களும் இ.டி.டி.ஏ.வோடு டிரிப்சினைஸ் செய்த செல்களும் ஒன்றல்ல. முதல் வகையில் கேடெரின் மிஞ்சியிருக்கும், செல்கள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் ஒட்டுதலை ஆராய்பவர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். தினசரி வேலையில் இதே விஷயம் ஒரு பிழையாக வந்து நிற்கும்: கால்சியம் உள்ள பஃப்பரால் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) கழுவிவிட்டு, செல் ஏன் கொத்துக் கொத்தாக வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

கரைசல்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 0.25%, 0.05% என இரண்டு செறிவுகள். 0.25% என்றால் ஒரு மில்லிலிட்டரில் 2.5 மில்லிகிராம் டிரிப்சின். இ.டி.டி.ஏ. சில லேபிள்களில் 0.02% என்றும் சிலவற்றில் 0.53 மில்லிமோலார் என்றும் இருக்கும். டைசோடியம் டைஹைட்ரேட் உப்பாகக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மில்லிமோலாருக்கு அருகில் வைத்துத் தயாரிப்பவர்களும் உண்டு.

நீங்களே தயாரிப்பதானால், கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ். (பாஸ்பேட் பஃப்பர் கலந்த உப்புக் கரைசல்) 100 மில்லிலிட்டரில் 0.25 கிராம் டிரிப்சின் தூளும் 0.02 கிராம் இ.டி.டி.ஏ.வும் கரைத்து, பி.எச்.ஸை 7.4-க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, நொதி செத்துவிடும். தூள் பாட்டிலில் '1:250' என்று போட்டிருப்பது செறிவு அல்ல, செயல்திறன்: ஒரு பங்கு தூள் குறிப்பிட்ட சூழலில் 250 பங்கு கேசீனைச் செரிக்கும் என்று பொருள்.

கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். டிரிப்சின் தன்னையே வெட்டிக்கொள்ளும் நொதி. காலையில் 37 டிகிரி வாட்டர் பாத்தில் போட்டு மாலைவரை விட்டுவைத்த பாட்டிலில் பாதித் திறன்கூட இருக்கும் என்று நம்ப முடியாது. தேவையான அளவை மட்டும் ஐந்து, பத்து நிமிடம் வெதுவெதுப்பாக்கினால் போதும். உறைய வைத்து உருக்கி மறுபடி உறைய வைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

செய்முறை: ஒரு டி-25 பிளாஸ்க் (25 சதுர சென்டிமீட்டர் தரை உள்ளது)

முதலில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தரையின் 70 முதல் 80 சதவீதத்தைச் செல்கள் மூடியிருக்கும் நிலையே சரியான நேரம். முழுக்க அடைத்து இரண்டு மூன்று நாள் கடந்த பிளாஸ்க்கில் செல்கள் தாங்களே சுரந்த புரதப் படலத்துக்குள் புதைந்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் பாய் போல் உரிந்து வருமே தவிரத் தனித்தனியாகப் பிரியாது. மீடியம் (செல் வளரும் ஊட்டக் கரைசல்) கலங்கியிருந்தாலோ செல்களுக்கிடையே நுண்ணிய புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். தொற்று பிடித்த பிளாஸ்க்கை டிரிப்சினைஸ் செய்தால் ஒன்று நான்காகப் பரவும்.

பழைய மீடியத்தை முழுவதும் உறிஞ்சி எடுங்கள். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பி.பி.எஸ். 5 மில்லிலிட்டரைச் செல்கள் ஒட்டாத பக்கத்துச் சுவரில் விட்டு, பிளாஸ்க்கை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்து எடுத்துவிடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. இந்த இரண்டாவது கழுவலைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். மீடியத்தில் சேர்த்த 10% சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஆல்பா-1 ஆன்டிடிரிப்சினும் ஆல்பா-2 மேக்ரோகுளோபுலினும் இருக்கின்றன. இரத்தத்தில் இவற்றின் வேலையே இத்தகைய நொதிகளை அடக்குவதுதான். பிளாஸ்க்கின் மூலையில் அரை மில்லிலிட்டர் மீடியம் தேங்கியிருந்தாலும் நீங்கள் ஊற்றும் ஒரு மில்லிலிட்டர் டிரிப்சினின் ஒரு பகுதி வீண்.

இப்போது டிரிப்சின். டி-25-க்கு 1 மில்லிலிட்டர், டி-75-க்கு 2 முதல் 3 மில்லிலிட்டர், டி-175-க்கு 5 மில்லிலிட்டர், ஆறு குழித் தட்டில் குழிக்கு 0.5 மில்லிலிட்டர். தரை முழுக்க நனைய வேண்டும், அவ்வளவுதான். கூடுதலாக ஊற்றினால் பின்னால் அதை நிறுத்த அதற்கேற்ப மீடியமும் கூடுதலாக வேண்டும்.

பிளாஸ்க்கை 37 டிகிரி இன்குபேட்டரில் இரண்டு நிமிடம் வைத்து, எடுத்துப் பாருங்கள். அதன்பின் நிமிடத்துக்கு ஒரு முறை. கடிகாரத்தை நம்பாமல் செல்லின் வடிவத்தை நம்புங்கள். முதலில் செல்லின் நீண்ட கால்கள் உள்ளிழுக்கும், பிறகு செல் உருண்டு ஓரத்தில் பளிச்சென்று ஒளி வட்டம் தெரியும், அதன்பின் பக்கத்துச் செல்லிலிருந்து விலகி லேசாக ஆடத் தொடங்கும். பத்தில் ஒன்பது செல் உருண்டுவிட்டால் பிளாஸ்க்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓரிரு முறை தட்டுங்கள். செல்கள் ஒட்டியிருந்த பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வெண்ணிறப் படலம் வழிந்து இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

எச்.இ.கே. 293 போன்ற தளர்ந்து ஒட்டும் செல்களுக்கு 0.05% டிரிப்சினில் ஒரு நிமிடமே தாராளம், பி.பி.எஸ். வேகமாகப் பட்டாலே சில கழன்றுவிடும். ஹீலா, வீரோ போன்றவை 0.25%-இல் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வரும். எம்.டி.சி.கே., காக்கோ-2 போன்ற எபிதீலியல் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பின்னிக்கொள்பவை. பத்து, பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். இவற்றுக்கு டிரிப்சினின் நேரத்தை நீட்டுவதைவிட, முதலில் இ.டி.டி.ஏ. மட்டும் கலந்த பி.பி.எஸ்.ஸில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைத்து, அதை எடுத்துவிட்டு டிரிப்சின் ஊற்றுவது நல்லது. கேடெரின் முன்பே தளர்ந்துவிடுவதால் டிரிப்சினுக்கு வேலை குறைகிறது, செல்லுக்குச் சேதமும் குறைகிறது.

செல் கழன்றதும் தாமதிக்காமல் 10% சீரம் உள்ள மீடியத்தைச் சேருங்கள். 1 மில்லிலிட்டர் டிரிப்சினுக்குக் குறைந்தது 2 மில்லிலிட்டர், முடிந்தால் 3 அல்லது 4. எந்தப் புரதத்தால் தொடக்கத்தில் தொந்தரவு வந்ததோ அதே சீரம் இப்போது உதவிக்கு வருகிறது. சீரமில்லாத மீடியத்தில் வளர்க்கும் செல்களுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றுக்குச் சோயா டிரிப்சின் தடுப்பானைச் சேர்க்க வேண்டும். மோசஸ் குனிட்ஸ் 1940-களில் சோயா பீன்ஸிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்த புரதம் இது. சீரமில்லாத மீடியத்தையே ஊற்றிவிட்டு நிறுத்தியாயிற்று என்று நினைத்துக்கொள்வது பெரிய தவறு. அங்கே நொதி நீர்த்திருக்குமே தவிர வெட்டுவதை நிறுத்தியிருக்காது.

மீடியத்தை பிப்பெட்டால் தரைமீது பாய்ச்சி மிச்சச் செல்களை இறக்கி, பிப்பெட் நுனியை அடிமூலையில் வைத்து ஐந்தாறு முறை மேலும் கீழும் இழுங்கள். நுரை வரக் கூடாது. நுரைக் குமிழ் உடைவது செல்லையும் உடைக்கும்.

சென்ட்ரிஃபியூஜில் 200 ஜி விசையில் (புவியீர்ப்பின் 200 மடங்கு) 5 நிமிடம். இதை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கணக்கில் மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். ரோட்டரின் ஆரம் 15 சென்டிமீட்டர் என்றால் 200 ஜி கிட்டத்தட்ட 1,100 ஆர்.பி.எம்.; ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 1,340. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றில் போட்டால் விசை மாறிவிடும். மேல் நீரை எடுத்துவிட்டு, குழாயின் அடியை விரலால் தட்டிப் படிவைத் தளர்த்தி, புது மீடியம் 5 மில்லிலிட்டரில் கலக்குங்கள்.

சீரம் போதுமான அளவு இருந்தால் சென்ட்ரிஃபியூஜ் தேவையில்லை, அப்படியே புது பிளாஸ்க்குகளில் பகிர்ந்துவிடலாம் என்பது ஒரு வழக்கம். ஹீலா மாதிரி முரட்டுச் செல்லுக்கு அது சரி. பரிசோதனைக்காக எண்ணி விதைக்கும்போது சுழற்றி எடுப்பதே மேல், ஏனென்றால் மிச்ச இ.டி.டி.ஏ. புதிய பிளாஸ்க்கில் செல் ஒட்டுவதைத் தாமதப்படுத்தும்.

எண்ணுவது

செல் கரைசலையும் 0.4% டிரிப்பான் புளூவையும் (இறந்த செல்லில் ஏறும் நீலச் சாயம்) சம அளவில் கலந்து ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தகடு) விட்டு, நான்கு மூலைப் பெரிய சதுரங்களில் நீலமேறாத செல்களை எண்ணுங்கள். 50, 48, 53, 49 என்று வந்தால் சராசரி 50. சாயத்தால் இரு மடங்கு நீர்த்ததால் 2-ஆல் பெருக்கி, மீண்டும் 10,000-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள். 5 மில்லிலிட்டரில் மொத்தம் 50 லட்சம். புதிய டி-25-இல் 5 லட்சம் விதைக்க 0.5 மில்லிலிட்டர் எடுத்தால் சரி. சாயம் கலந்தபின் சில நிமிடங்களுக்குள் எண்ணிவிடுங்கள், நேரமாக ஆக உயிருள்ள செல்லும் நீலம் ஏற்றுக்கொள்ளும். நல்ல நிலையிலிருந்த பிளாஸ்க்கில் உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால், டிரிப்சின் அதிக நேரம் வேலை செய்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணாமல் விகிதத்தில் பகிர்பவர்கள் பரப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு டி-25-இன் செல் அனைத்தையும் ஒரு டி-75-க்கு மாற்றினாலே அது 1:3.

கெடும் இடங்கள்

பத்து நிமிடம் ஆகியும் செல் நகரவில்லை என்றால் டிரிப்சினை மேலும் ஊற்றாதீர்கள். இருப்பதை எடுத்துவிட்டு, பி.பி.எஸ்.ஸால் மறுபடி கழுவி, புதிய பங்கிலிருந்து புது டிரிப்சின் விடுங்கள். இத்தோடு வந்துவிட்டால் சீரம் மிச்சமிருந்தது அல்லது பழைய பங்கு திறனிழந்திருந்தது என்று பொருள். பி.பி.எஸ். பாட்டில் லேபிளையும் பாருங்கள். கால்சியம் உள்ளதும் இல்லாததும் ஒரே நிறத்தில், ஒரே அலமாரியில் நிற்கும்.

செல்கள் நூல் நூலாக, சளி போல் பிப்பெட்டில் தொங்கினால் அது டி.என்.ஏ. அதிக நேரம் வெட்டுப்பட்டு உடைந்த செல்கள் கக்கியது. மற்றச் செல்களையும் அது சுருட்டிக்கொள்ளும். டி.என்.ஏஸ்-1 சேர்த்தால் கரையும். ஆனால் அந்த நொதிக்கு மெக்னீசியம் வேண்டும், இ.டி.டி.ஏ. இருக்கும் கரைசலில் அது வேலை செய்யாது. எனவே சுழற்றி, இ.டி.டி.ஏ.வை நீக்கி, மெக்னீசியம் உள்ள பஃப்பரில் கலந்த பிறகே சேருங்கள். நூல் இல்லாத வெறும் கொத்துகள் என்றால், வெட்டு முடியும் முன்பே பிளாஸ்க்கை ஓங்கித் தட்டியிருப்பீர்கள். 40 மைக்ரான் சல்லடையில் வடித்தால் இந்த முறை தப்பிக்கலாம்.

மறுநாள் செல்கள் ஒட்டாமல் மிதப்பது மூன்று காரணங்களால்: அதிக வெட்டு, மிச்ச இ.டி.டி.ஏ., மிகக் குறைவான விதைப்பு. மிதப்பதை எடுத்து டிரிப்பான் புளூவில் பாருங்கள். உயிரோடிருந்தால் புது மீடியத்தில் ஒரு நாள் விட்டால் ஒட்டிவிடக்கூடும்.

புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற இடங்களிலிருந்து வாங்கும் செல் பிளாஸ்க்கோடு பயணப்பட்டு வந்திருந்தால், அன்றே டிரிப்சினைஸ் செய்யாதீர்கள். வழியில் குலுங்கிக் கழன்றவை மறுபடி ஒட்டக்கூடும். நிரப்பியிருக்கும் மீடியத்தை எடுத்துச் சுழற்றி, மிதந்த செல்களையும் சேர்த்து பிளாஸ்க்கிலேயே விட்டு, ஒரு நாளாவது இன்குபேட்டரில் வைத்தபின் முடிவெடுங்கள்.

எப்போது செய்யக் கூடாது

வெட்டும் நொதி வேண்டாத புரதத்தை மட்டும் தேடி வெட்டுவதில்லை. செல்லின் வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பிகளையும் சேர்த்தே வெட்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் முறை) ஒரு மேற்பரப்புப் புரதம் 'இல்லை' என்று வந்தால், அது உண்மையிலேயே இல்லையா, டிரிப்சினில் போனதா என்ற கேள்வி எழும். அத்தகைய வேலைக்கு இ.டி.டி.ஏ. மட்டும் போதுமா என்று முயலுங்கள், அல்லது அக்யூட்டேஸ் போன்ற மென்மையான கலவையைப் பயன்படுத்துங்கள். வேறு வழியில்லாமல் டிரிப்சினே என்றால், செல்லைச் சில மணி நேரம் மீடியத்தில் வைத்துப் புரதத்தை மறுபடி உருவாக்கிக்கொள்ள விடுங்கள்.

செல் இறப்பை அளக்கும் பரிசோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. இறந்த செல்கள் முன்பே கழன்று மீடியத்தில் மிதக்கும். வழக்கம்போல மீடியத்தையும் கழுவிய நீரையும் கொட்டிவிட்டால் இறந்தவற்றில் பாதியைக் கொட்டிவிட்டு எண்ணுகிறீர்கள். இரண்டையும் ஒரு குழாயில் சேமித்து, டிரிப்சினைஸ் செய்த செல்களோடு கலந்து சுழற்றுங்கள். அனெக்சின்-5 (இறக்கத் தொடங்கிய செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் புரதம்) கொண்டு சாயமிடுவதானால் அதற்குக் கால்சியம் தேவை என்பதால் இ.டி.டி.ஏ.வை நன்றாகக் கழுவியாக வேண்டும்.

ரா 264.7 போன்ற மேக்ரோஃபேஜ் செல்கள் டிரிப்சினுக்கு எளிதில் வராது, ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுப்பதே வழக்கம். ஜர்காட், கே562 போல மிதந்தே வளரும் செல்களுக்கு இந்த வினையே பொருந்தாது. அவற்றைப் புது மீடியத்தில் நீர்த்துப் பகிர்ந்தால் போதும்.

சொல்லை எங்கே, எப்படி எழுதுவது

டிரிப்சினைஸ் செய்வது, பாசேஜ் செய்வது, ஸ்ப்ளிட் செய்வது மூன்றும் பேச்சில் ஒன்றாகப் புழங்கினாலும் நோட்டில் பிரித்து எழுதுங்கள். டிரிப்சினைஸ் என்பது செல்லைக் கழற்றும் வேலை மட்டும். பாசேஜ் என்பது கழற்றிய செல்லைப் புதுப் பாத்திரத்தில் மறுபடி வளர்ப்பது. அப்போதுதான் பாசேஜ் எண் ஒன்று கூடும். ஃப்ளோவுக்காகக் கழற்றி அன்றே பயன்படுத்தித் தீர்த்த செல்லுக்கு எண் ஏறாது. ஸ்ப்ளிட் என்பது விகிதத்தைச் சொல்வது. 1:2 ஸ்ப்ளிட் என்றால் மறுபடி நிறைவதற்குள் செல் கூட்டம் ஒரு முறை இரட்டிக்கும், 1:8 என்றால் மூன்று முறை. ஹேஃப்ளிக்கும் மூர்ஹெடும் 1961-இல் மனித ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளுக்கு (இணைப்புத் திசுச் செல்கள்) சொன்ன ஏறத்தாழ 50 என்ற வரம்பு இரட்டிப்புகளின் எண்ணிக்கை. 1:8 பகிர்பவர் அதைப் பாசேஜ் எண்ணாக எடுத்துக்கொண்டால் கணக்கு மூன்று மடங்கு தவறும்.

இந்த வினையின் செயப்படுபொருள் ஒட்டிய செல், செல் படலம் அல்லது திசு. பிரிக்கப்பட்ட புரதத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்காக இரவு முழுதும் டிரிப்சினில் வைப்பதை 'டிரிப்சின் கொண்டு செரித்தோம்' என்பதே வழக்கு. அங்கே புரதம் துண்டு துண்டாவதுதான் நோக்கம். இங்கே செல் முழுசாக வெளிவர வேண்டும். அக்யூட்டேஸ் பயன்படுத்திவிட்டு டிரிப்சினைஸ் செய்தோம் என்று பழக்கத்தில் எழுதுபவர்கள் உண்டு. படிப்பவர் அதே முடிவைப் பெற முயன்று தோற்பார்.

செய்முறைப் பகுதியில் 'செல்கள் டிரிப்சினைஸ் செய்யப்பட்டன' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஐந்து தகவல்கள் வேண்டும்: டிரிப்சின் செறிவு, இ.டி.டி.ஏ. செறிவு, வெப்பநிலை, நேரம், நிறுத்திய விதம். இப்படி எழுதலாம்: "80 சதவீதம் நிறைந்த வீரோ செல்கள், கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ்.ஸால் இரு முறை கழுவப்பட்டு, 0.25% டிரிப்சின், 0.53 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் 4 நிமிடம் டிரிப்சினைஸ் செய்யப்பட்டன. 10% சீரம் உள்ள மீடியத்தை மூன்று மடங்கு சேர்த்து நொதி நிறுத்தப்பட்டது. 200 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றிய செல்கள், சதுர சென்டிமீட்டருக்கு 20,000 வீதம் விதைக்கப்பட்டன."